இன்னும் தேவைப்படும் கடதாசி: வடக்கு முஸ்லிம்களின் சான்றுகளை எங்கே, எதற்காகக் காப்பது?

கொழும்பிலிருந்து புத்தளத்துக்குப் போகும் வீதியில், முந்தலைக் கடந்து பாலாவிக்கு முன்னால் வருகிறது மதுரங்குளி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்த மாவட்டத்தில்தான் ஒதுங்கினார்கள்: இந்த வீதியை அண்டியும், தில்லையடியிலும், ஆலங்குடா, நுரைச்சோலை, கற்பிட்டிப் பக்கங்களிலும். வரும்போது குடும்பத் தலைவர்களாக இருந்தவர்களில் பலர் இந்த மண்ணின் மையவாடிகளிலேயே அடங்கிவிட்டார்கள். அவர்கள் பெட்டிக்குள் வைத்திருந்த காணி உறுதி, நிவாரண அட்டை, பழைய புகைப்படம், வாய்க்குள் வைத்திருந்த ஊர்க்கதை ஆகியவற்றை யார் காப்பது? எங்கே வைப்பது? எதற்காக?

இந்தக் கேள்விக்கு வேறு இடங்களில் நீண்ட விடைவரலாறு இருக்கிறது. நாஜிகளின் கையில் அகப்பட்ட ஐரோப்பிய யூதர்கள், அழிவு நடந்துகொண்டிருந்தபோதே இதைக் கேட்டார்கள். வார்சோ கெட்டோவில் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்புளூம் திரட்டிய இரகசியக் குழு, நாட்குறிப்புகளோடு டிராம் டிக்கெட்டையும் உணவுக் கூப்பனையும் மிட்டாய் உறையையும்கூடச் சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தது. 1946இலும் 1950இலும் இரண்டு தொகுதிகள் தோண்டி எடுக்கப்பட்டன. மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை. இரண்டு வரலாறுகளையும் ஒரே தராசில் நிறுக்க இதைச் சொல்லவில்லை. அங்கே நடந்தது ஓர் இனத்தையே கொன்றொழிக்கும் திட்டம். வடக்கில் நடந்தது ஒரு சமூகத்தின் முழுமையான ஊர்நீக்கம். சான்றுகளைக் காக்கும் வேலையில் மிக நீண்ட காலம் முயன்று, தவறி, திருத்திக்கொண்டவர்கள் யூதர்கள் என்பதால் அந்த அனுபவம் இங்கே உதவும், அவ்வளவுதான்.

முதலில், எத்தனை பேர்?

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம், மாத இறுதிக்குள் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதிகள், கடைசியாக ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரம் என முடிந்தது. மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருப் பகுதியினருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். இவ்வளவும் தெளிவு. ஆனால் மொத்தம் எத்தனை பேர் என்றால் 72,000 என்றும், 75,000 என்றும், அதற்கு மேல் என்றும் விடைகள் விரிகின்றன.

வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. வெளியேற்றத்துக்கு முன் வடக்கில் முழுமையாக எடுக்கப்பட்ட கடைசிக் குடிசன மதிப்பீடு 1981இனுடையது. 1991இல் மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் போர்ப்பகுதிகளில் முழுமையாக நடக்கவில்லை. அடுத்த முழு மதிப்பீடு 2012இல்தான். இந்த முப்பத்தோராண்டு இடைவெளிக்குள் ஒரு சமூகம் இருந்த இடத்திலிருந்து இல்லாமற்போயிருக்கிறது. எனவே அதன் அளவைச் சொல்லக்கூடியவை அரச புள்ளிவிவரத்துக்கு வெளியே பிறந்த கடதாசிகள்: முகாம் பதிவேடு, நிவாரணப் பட்டியல், பள்ளிவாசல் நிர்வாகங்கள் எழுதிவைத்த ஜமாஅத் கணக்கு. சாதாரண வரலாற்றில் அடிக்குறிப்புக்குப் போகும் சரக்கு இங்கே மூல ஆவணமாகிறது. ரிங்கல்புளூமின் குழு கூப்பனைப் பொறுக்கியதன் நியாயம் இந்த இடத்தில் நன்றாகப் புரியும்.

நீதிக்கான சான்று என்ற விடை

காப்பதன் நோக்கம் என்றோ ஒரு நாள் கேட்கப்படும் நீதிக்கு ஆதாரம் சேர்ப்பது என்பது மிகப் பழைய விடை. 1933இல் அல்பிரட் வீனர் அம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1939இல் லண்டனுக்குக் கொண்டுபோன ஆவணக் காப்பகம் அந்த எண்ணத்தில்தான் பிறந்தது. வடக்கு முஸ்லிம்கள் விடயத்தில் இந்த வரிசையில் முதலில் சொல்லவேண்டியவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ். மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த அவர், அகதிகளிடமிருந்து இழப்புகளைப் பற்றிய தரவுகளைத் திரட்டி, மறக்கப்பட்ட மக்கள் என்று அவர்களை அடையாளப்படுத்தும் நூலொன்றை 2001இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 2018இல் அவர் மறைந்தார். ஓர் ஆய்வாளரின் தனிச் சேகரிப்பு அவருக்குப் பின் என்னவாகும் என்ற கேள்வி, இந்தத் துறையில் உழைக்கும் எல்லோருக்கும் பொதுவானது.

2009இல் சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் இந்த வெளியேற்றத்தை ஆராய ஒரு குடிமக்கள் ஆணைக்குழுவை முன்னெடுத்தது. மானிடவியலாளர் பர்சானா ஹனீபா உள்ளிட்டோரின் ஆய்வுழைப்போடு அதன் அறிக்கை 2011 நவம்பரில் வந்தது. அரசு செய்யவேண்டிய வேலையைக் குடிமக்கள் செய்தார்கள். அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் ஆணை 2002 பெப்ரவரியிலிருந்துதான் தொடங்குகிறது. 1990 அதற்கு வெளியே நிற்கிறது. அப்படியிருந்தும் வடக்கு முஸ்லிம்களுக்கு நிலையான தீர்வு வேண்டும் என்று அது எழுதியதை மறைக்க வேண்டியதில்லை. பின்னர் 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி நாடெங்கும் 7,306 கருத்துகளைப் பெற்றது.

இந்த விடையின் பலவீனம் அதன் பலத்துக்குள்ளேயே இருக்கிறது. வழக்குக்காகச் சேர்ப்பவர் வழக்குக்கு உதவுவதைத்தான் கேட்பார்: எப்போது, யார் சொன்னார்கள், எவ்வளவு இழந்தீர்கள். 1990க்கு முந்திய யாழ்ப்பாணத்து நோன்புக் கஞ்சியும், முசலிப் பக்கத்து வயல் வேலையும் அந்தப் படிவத்தில் இடம்பெறாது. வழக்கோ வரவில்லை. ஒரே மனிதர் ஒரே துயரத்தை வேறு வேறு ஆணைக்குழுக்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தது மட்டும் நடந்தது. நிவாரணம் தருபவரின் முன்னால் முப்பது வருடம் சொல்லப்பட்ட கதை, நிவாரணத்துக்கு ஏற்ற வடிவத்தை மெல்ல எடுத்துக்கொள்ளும். இதைச் சொன்னவரின் குற்றமாகப் பார்க்கக் கூடாது. கேட்டவர்களின் கேள்விதான் அந்த வடிவத்தைக் கொடுத்தது.

சாட்சியத்தை எப்படி வாசிப்பது?

ஹொலோகோஸ்ட் எனப்படும் அந்த யூத அழிப்பைப் பற்றிய ஆய்வில் இந்த வாதம் மிகக் கூர்மையாக நடந்திருக்கிறது. ரவுல் ஹில்பேர்க் போன்றோர் ஆட்சியாளர்களின் கோப்புகளையே நம்பினார்கள். உயிர்தப்பியோரின் சொல்லை ஐயத்தோடு வைத்தார்கள். மறுபக்கம் 1946இலேயே டேவிட் போடர் என்ற உளவியலாளர் கம்பிச்சுருள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பிய அகதி முகாம்களில் ஏறத்தாழ 130 பேரின் குரலைப் பதிந்தார். 1979இல் நியூ ஹேவனில் தொடங்கிய காணொளித் திட்டம் யேல் பல்கலைக்கழகக் காப்பகமானது. 1994இல் ஸ்டீவன் ஸ்பில்பேர்க் தொடங்கிய நிறுவனம் சில வருடங்களில் 50,000க்கு மேற்பட்ட சாட்சியங்களைச் சேர்த்தது.

இடையில் ஒரு புகழ்பெற்ற தர்க்கம். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் கைதிகள் கிளர்ந்தபோது நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறியதாக ஒரு பெண் சொன்னார். அழிந்தது ஒரு சுடலைக்கூடம்தான். எனவே இந்தச் சாட்சியம் உதவாது என்றார்கள் வரலாற்றாசிரியர்கள். மனநல மருத்துவர் டோரி லாப் ஒப்பவில்லை. நடக்கவே முடியாது என்றிருந்த ஒன்று நடந்ததைத்தான் அவர் சொல்கிறார், எண்ணிக்கை அதன் அளவு என்றார்.

வடக்கு முஸ்லிம்களின் சொல்லில் இதற்கு இணையான இடங்கள் உண்டு. கையில் கொண்டுபோக அனுமதித்த பணம் எவ்வளவு? ஒருவர் 150 ரூபாய் என்பார், இன்னொருவர் 500, மற்றொருவர் 2,000. தலைக்கா, குடும்பத்துக்கா என்பதிலும் வேறுபாடு. விட்ட நேரம் இரண்டு மணி, ஒரு நாள், இரண்டு நாள் என்று மாறும். ஆனால் இங்கே லாப்பின் விளக்கத்துக்கு உடனே தாவ வேண்டாம். உத்தரவு ஊருக்கு ஊர் உண்மையிலேயே வேறுபட்டது. யாழ்ப்பாணத்தின் இரண்டு மணி நேரமும் மன்னாரின் இரண்டு நாளும் ஒருங்கே உண்மை. எனவே ஒவ்வொரு சாட்சியத்தோடும் ஊர், வட்டாரம், வெளியேறிய தேதி, வந்த வழி, பேட்டி எடுத்த ஆண்டு ஆகியவை பதியப்படாவிட்டால் எது இடத்தால் வந்த வேறுபாடு, எது காலத்தால் வந்த கலப்பு என்று பிரிக்கவே முடியாது. சாட்சியத்தின் பெறுமதி பாதி அதன் மேலட்டையில் இருக்கிறது. பெரும்பாலான திட்டங்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் அந்த மேலட்டையைத்தான்.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அனெட் வியேவியோர்க்கா ஒவ்வொரு சாட்சியமும் அது சொல்லப்பட்ட காலத்துக்கும் சாட்சி என்று காட்டினார். ஷரிக்கா திரணகம 2011இல் வெளியிட்ட ஆய்வு நூலும் இதே திசையில் ஒன்றைக் கவனிக்கிறது. ‘வடக்கு முஸ்லிம்’ என்ற அடையாளமே வெளியேற்றத்தோடு கெட்டிப்பட்டது. அதற்கு முன் ஆள் யாழ்ப்பாணத்தான், எருக்கலம்பிட்டியான், முசலியான். புத்தளத்தில் பிறந்த பிள்ளையிடம் “உனக்கு எந்த ஊர்?” என்று கேட்டால் வரும் தயக்கமும் அந்தப் பிள்ளையின் சாட்சியமே. முதல் தலைமுறையை மட்டும் பதிந்தால் இது தப்பிவிடும்.

பெட்டியை விட்டு வெளியே வராத உறுதி

சேகரிப்பாளர்கள் சாட்சியத்தை நாடியதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: அது மலிவு. ஒரு கருவியும் ஒரு பின்னேரமும் போதும். கடதாசி அப்படியல்ல. இந்தக் கட்டுரையின் கணிப்பில், வடக்கு முஸ்லிம்களின் விடயத்தை உலகின் பெரிய காப்பக முன்மாதிரிகளிலிருந்து வேறாக்குவது இதுதான்: அவர்களின் கடதாசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

காணியை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் இடையூறின்றி எதிருரிமையாக அனுபவித்த காணிக்கு உரிமை கோரலாம். 1990இல் துரத்தப்பட்டவருக்கு 2000ஆம் ஆண்டிலேயே அந்தக் கத்தி கழுத்துக்கு வந்துவிடுகிறது. இதைத் தடுக்க 2016இன் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போகமுடியாமற்போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க வழி செய்தது. ஆனால் அந்தச் சலுகையைக் கேட்கவும் காணி தனது என்று முதலில் காட்ட வேண்டும். உறுதிக் காணியென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம், பதிவு இலக்கம் தெரிந்தால். அரச காணியென்றால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் வேண்டும். போரின் சேதம் அலுவலகங்களையும் விட்டுவைக்கவில்லை.

மன்னார் மாவட்டத்து மரிச்சுக்கட்டிப் பகுதியில் மீளக்குடியேறியோர் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று 2015 வாக்கில் எழுந்த சர்ச்சையிலும் உள்ளூர்க் கேள்வி ஒன்றுதான்: 1990க்கு முன் இங்கே ஊர் இருந்ததா? இருபது வருடத்தில் வளவுகளில் காடு ஏறிவிட்டது. பின்னர் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் ஒதுக்குக்காட்டின் எல்லையை வரைந்தன. ஊரின் இருப்பைக் காட்ட எஞ்சியவை பழைய அனுமதிப்பத்திரமும் வாக்காளர் இடாப்பும் பாடசாலைப் பதிவும் பள்ளிவாசலின் சுவருமே.

வாக்குரிமையும் அப்படியே. புத்தளத்தில் பதிந்தால் வடக்கில் பெயர் போய்விடும். வடக்கில் வைத்திருந்தால் இங்கே சேவை கிடைக்காது. இந்த இழுபறிக்காகவே 2013இல் வாக்காளர் பதிவுக்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது. 2009க்குப் பின் நிர்வாகம் ‘பழைய’, ‘புதிய’ இடம்பெயர்ந்தோர் என்று பிரித்தபோது, 2008 ஏப்ரலுக்கு முன் வந்தவர்களெல்லாம் பழையவர்கள் ஆனார்கள். எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதே உதவியைத் தீர்மானித்தது. அந்த நிலையில் நிவாரண அட்டையை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்று கேட்பவரை மக்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

ஆகவே மூலத்தைத் திரட்டி ஒரு கட்டடத்தில் வைப்பது என்ற மரபான விடை இங்கே பொருந்தாது. வீட்டுக்குப் போய்ப் பிரதி எடுத்து, மூலத்தை நல்ல உறையில் போட்டு வீட்டிலேயே விட்டுவருவது பொருந்தலாம். அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் கறையானும் வெள்ளமும் உள்ள கரையோரம் இது. பலர் பாதுகாப்பு என்று எண்ணி உறுதியைப் பிளாஸ்டிக்கில் சூடாக்கி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரமும் சூட்டில் இளகிய பசையும் கடதாசியைப் பழுதாக்கும், பிரிக்கவும் முடியாது. அமிலமற்ற உறை, மூடியுள்ள பெட்டி, நிலத்திலிருந்து ஒரு முழம் உயரம். இவ்வளவு எளிய அறிவுரை நினைவு பற்றிய மாநாடுகளில் பேசப்படுவதில்லை.

பொருள்கள்: குறைவும் உடைமையும்

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லமுடியும். ஏனெனில் அவை அநேகமாக இல்லை. சோதனை நிலையங்களில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. விட்டுவந்த வீடுகளின் கதவு, நிலை, ஓடுவரை பின்னர் கழற்றப்பட்டன. கைப்பற்றிய சாமான் விற்கப்பட்டது. பஞ்சாப் பிரிவினையின் பொருள்களை வைத்து அமிர்தசரஸில் 2017இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் போன்ற ஒன்றை இங்கே கற்பனை செய்பவர்கள், அந்த மக்களில் பலர் மாட்டுவண்டியும் பெட்டியும் ஓரளவு கொண்டுவந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எஞ்சிய சிலவற்றுக்கும் உடைமைக் கேள்வி வரும். 2005இல் பாரிஸ் கண்காட்சியொன்றில் ஒரு மகன் தன் தந்தையின் பெட்டியைக் கண்டு, அதை அவுஷ்விட்ஸ் அருங்காட்சியகத்துக்குத் திருப்பி அனுப்ப மறுத்தார். 2009இல் நீண்டகால இரவலாகப் பாரிஸிலேயே வைப்பது என்று சமரசமானது. முகாமில் தான் வரைந்த ஓவியங்களைக் கேட்ட டினா பாபிட்டுக்கோ அவை கிடைக்கவேயில்லை. அருங்காட்சியகம் இவற்றை உலகுக்கான சான்று என்றது. குடும்பம் தன் பொருள் என்றது. இரண்டும் தள்ளிவிட முடியாத வாதங்கள். புத்தளத்தில் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்குபவர் கையேற்பு ரசீதில் ‘இரவல்’ என்று எழுதுவதா ‘நன்கொடை’ என்று எழுதுவதா என்பதை முதல் நாளே தீர்மானிப்பது நல்லது.

ஒரே கட்டடம், பல திரைகள்

எங்கே வைப்பது? கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்துக்குச் சட்ட அந்தஸ்தும் நிபுணத்துவமும் உண்டு. ஆனால் அரசின் கையில் கொடுக்கத் தயங்குவோரின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. உள்ளூரில் பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ வைத்தால் மக்கள் அணுகலாம். ஆனால் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் ஒரே கட்டடத்தை நம்புவதன் விலையை இந்த நாட்டுக்கு ஏற்கனவே காட்டியிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் அச்சு ஆவணங்களை எண்ணிமமாக்கி இணையத்தில் வைப்பது இதற்கொரு மறுமொழி.

ஆனால் இணையம் எல்லோருக்கும் திறக்கும். உறுதியின் படம் திறந்த வலையில் கிடந்தால் மோசடிக்காரருக்கும் அது உதவும். ஆட்களின் பெயரோடு வந்த சாட்சியம், இன்றும் அதே ஊரில் அயலவராக வாழ்பவரைச் சுட்டும். பொஸ்டன் கல்லூரி வட அயர்லாந்துப் போராளிகளிடம், அவர்கள் இறக்கும்வரை வெளிவராது என்று சொல்லிப் பதிந்த ஒலிநாடாக்களை 2011இலிருந்து பொலிஸார் நீதிமன்ற ஆணை மூலம் கேட்டுப் பெற்றார்கள். காப்பகம் கொடுத்த வாக்கு சட்டத்துக்கு முன் நிற்கவில்லை. எனவே எதைத் திறப்பது, எதை எத்தனை வருடம் மூடுவது என்பது தொழில்நுட்பத்தைவிடப் பெரிய முடிவு. அதில் பெண்களின் குரல் தனியாகக் கேட்கப்பட வேண்டும். ஆண் ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பதிந்த பேட்டியில் பெண்கள் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பது பல திட்டங்களுக்குப் பிறகே தெரியவந்தது.

திறந்தே கிடப்பவை

கடதாசியைப் பிரதி எடுத்து வீட்டிலேயே விடுவது, சாட்சியத்தை இடமும் காலமும் குறித்துப் பதிவது, பிரதிகளை மூன்று இடங்களிலாவது வைப்பது ஆகியவற்றில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. பணமும் ஆளும்தான் குறை. கடினமான கேள்விகள் வேறு.

ஒன்று, ஒப்பீட்டைப் பற்றியது. பாதிக்கப்பட்டோர் என்ற தகுதிக்கே போட்டி உருவாவதைப் பர்சானா ஹனீபா 2015இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். வடக்கு முஸ்லிம்களின் காப்பகம் தனியே நிற்கவேண்டுமா, முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்ட தமிழர்களும் காத்தான்குடியில் கொல்லப்பட்ட முஸ்லிம்களும் இருக்கும் பொதுக் காப்பகத்துக்குள் சேரவேண்டுமா? தனியே நின்றால் ஒதுங்கும், சேர்ந்தால் கரையும். இரண்டு அச்சங்களுக்கும் ஆதாரம் இருக்கிறது.

மற்றது, அநேகமாக யாரும் தொடாதது. இதுவரை சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை வெளியேறியவர்களின் சொல். பூட்டிய கடைகளையும் ஆளில்லாத சோனகத் தெருவையும் மறுநாள் காலையில் பார்த்தவர்கள் தமிழர்கள். சிலர் அழுதார்கள், சிலர் சாமான் வாங்கினார்கள், சிலர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்ற பொருளில் பேசினார். அது ஓர் இயக்கத்தின் சொல். அயலவரின் சொல் இன்னும் போதிய அளவு பதியப்படவில்லை. அன்று முப்பது வயதாக இருந்தவர் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். மதுரங்குளியில் வைத்து இந்த வேலையைத் தொடங்கினாலும், பதிவுக் கருவி ஒன்று யாழ்ப்பாணத்துக்கும் போகவேண்டியிருக்கும். அங்கே கதவைத் திறப்பவர் பேசச் சம்மதிப்பாரா என்பது இன்னும் திறந்த கேள்விதான்.